பிரெஞ்சுல கி, கெ, தோன், லெ, லுயி: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

முதல்ல ஒரு விஷயம். பிரெஞ்சு வார்த்தைங்கள எல்லாம் தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கேன், அதனால சத்தம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கோங்க. 'லெ' 'கெ' 'மெ' 'ஸெ' இதுக்கெல்லாம் கடைசி உயிரு முழு எகரம் கிடையாது, உதட்ட லேசா குவிச்சு சும்மா விட்டுடணும். 'த்யூ' 'வ்யூ'ன்னு எழுதினா, உதடு 'ஊ' மாதிரி இருக்கணும், நாக்கு 'ஈ' சொல்லணும். ஸ்பெல்லிங்க உங்க பாடப் புக்குல ஒரு தடவ பாத்துக்கோங்க.

இதுல ரெண்டு டாபிக் இருக்கே, ஏன் ஒண்ணா சேத்து சொல்றீங்க?

கிளாஸ்ல தனித்தனியாதான் எடுப்பாங்க. லெ, லா, லே, லுயி, லெர் எல்லாம் ஒரு மாசம், அதாவது அவனை, அவனுக்குன்னு பேருக்கு பதிலா வர்ற சொல்லுங்க. அப்புறம் கி, கெ, தோன், ஊ எல்லாம் வேற ஒரு மாசம், அதாவது ரெண்டு வாக்கியத்த ஒண்ணா இணைக்குற சொல்லுங்க. நானும் அப்படித்தான் படிச்சேன், ரெண்டையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணி ரெண்டுலயும் தனித்தனியா தப்பு பண்ணேன். ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சுது, ரெண்டு இடத்துலயும் பிரெஞ்சு கேக்குறது ஒரே கேள்விதான்: இந்த பேருக்கு வாக்கியத்துல என்ன வேற்றுமை? நம்ம ஸ்கூல் தமிழ் இலக்கணத்துல ஐ, ஆல், கு, இன், அது, கண்ணுன்னு பாட்டு மாதிரி ஒப்பிச்சோமே, அதேதான். அது தெரிஞ்சவங்களுக்கு இந்த டாபிக் பாதி முடிஞ்ச மாதிரி. இங்கிலீஷ் வழியா படிச்சீங்கன்னா 'ஹிம்' ஒண்ணே அவனை, அவனுக்கு ரெண்டுக்கும் வந்துடும், அங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது.

லெ எப்போ, லுயி எப்போ?

அவனை, அதை – லெ. அவளை – லா. அவங்களை, அதுங்களை – லே. அவனுக்கு, அவளுக்கு, அவன்கிட்ட, அவகிட்ட – லுயி. அவங்களுக்கு, அவங்ககிட்ட – லெர்.

'ஜெ லெ வுவா' – நான் அவனை பாக்குறேன். 'ஜெ லுயி பார்ல்' – நான் அவன்கிட்ட பேசுறேன். புக்குல இத சிஓடி, சிஓஐ-ன்னு சுருக்கிப் போட்டிருப்பாங்க, நேரடிச் செயப்படுபொருள், மறைமுகச் செயப்படுபொருள்னு அர்த்தம், பேர பாத்து பயப்படாதீங்க. வினைக்கும் பேருக்கும் நடுவுல 'ஆ'ங்கிற முன்னிடைச்சொல் வந்தா அது மறைமுகம், ஒண்ணும் வராம நேரா ஒட்டினா நேரடி, அவ்ளோதான்.

இன்னொரு நல்ல செய்தி, இந்த வித்தியாசமே படர்க்கைல மட்டும்தான். 'மெ'ன்னா என்னை, எனக்கு ரெண்டும். 'தெ' (உன்னை, உனக்கு), 'நூ' (எங்களை, எங்களுக்கு), 'வூ' (உங்களை, உங்களுக்கு) எல்லாமே அப்படித்தான். அவன், அவள், அவங்க வரும்போது மட்டும் யோசிச்சா போதும்.

அப்போ தமிழ் உருபையே அப்படியே பிரெஞ்சுக்கு மாத்திடலாமா?

ஆச்சரியமா நிறைய இடத்துல மாத்தலாம். இங்கிலீஷ்ல 'லுக் அட்', 'லிசன் டு'ன்னு நடுவுல ஒரு வார்த்தை வரும், பிரெஞ்சுல ஒண்ணும் வராது, தமிழ்லயும் அவனை பாரு, பாட்டை கேளு, ரெண்டும் ஐ. போன் பண்றது இங்கிலீஷ்ல நேரடி, ஆனா பிரெஞ்சுல 'ஜெ லுயி தெலெஃபோன்', நாமளும் அவனுக்கு போன் பண்றேன்னுதான சொல்றோம். அதே 'கூப்பிடு'ன்னு வந்தா அவனை கூப்பிடுறேன், அங்க பிரெஞ்சும் 'ஜெ லபெல்' (லெ சுருங்கி வினையோட ஒட்டிடுச்சு), நேரடி. பதில் சொல்றதும் கீழ்ப்படியறதும் ரெண்டு மொழியிலயும் கு.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது 'இல் மெ ஃபோ அன் ஸ்திலோ'. எனக்கு ஒரு பேனா வேணும். இங்கிலீஷ்காரன் இத பாத்து தலைய சொறிவான், ஏன்னா அவனுக்கு 'நான்'தான் எழுவாயா வரணும். நமக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்ல, எனக்கு பேனா வேணும், எழுவாயா 'நான்' எங்கயுமே இல்ல, சேம் பில்டிங். 'இல் மெ ப்லே'யும் அப்படித்தான், எனக்கு அவன பிடிச்சிருக்கு, 'மெ'தான் அந்த எனக்கு, ஆனா ஒரு சின்ன திருப்பம், பிடிச்சிருக்கிற ஆளு அங்க எழுவாய், தமிழ் மாதிரி 'அவன'ன்னு ஐ போட முடியாது. 'த்யூ மெ மான்க்'ம் அதே ஜாதி, நீ இல்லாதது எனக்கு குறையா இருக்குன்னு அர்த்தம், ஏங்குறது நான், எழுவாய் நீ. இங்கிலீஷ் வழியா போனவங்க இத தலைகீழா சொல்லி நீதான் எனக்காக ஏங்குறேன்னு சொல்லிட்டு வந்துடுவாங்க.

சரி, எங்கெல்லாம் தமிழ் கால வாரும்?

கொஞ்சம் இருக்கு, இத மட்டும் தனியா எழுதி வச்சுக்கோங்க. அவனுக்கு உதவி பண்றேன், தமிழ்ல கு, ஆனா பிரெஞ்சுல 'ஜெ லேத்', நேரடி. அவருக்கு நன்றி சொல்றேன், அதுவும் பிரெஞ்சுல நேரடி, 'ஜெ லெ ரெமெர்ஸி'. அவனுக்காக காத்துட்டிருக்கேன், 'ஜெ லதான்', இதுவும் நேரடி. எதிர்ப்பக்கம் ஒண்ணு, நான் அவனை மாதிரி இருக்கேன், தமிழ்ல ஐ, பிரெஞ்சுல 'ஜெ லுயி ரெஸாம்ப்ல்', மறைமுகம்.

இத தவிர ஒரு தனி ரகளை இருக்கு, 'பான்ஸே', அதாவது ஒருத்தர நெனச்சுக்கிறது. இதுக்கு 'ஆ' வரும், ஆனாலும் லுயி முன்னாடி வராது. ஆளா இருந்தா 'ஜெ பான்ஸ் ஆ எல்'னு பின்னாடியே நிக்கும், பொருளா இருந்தா 'ஜி பான்ஸ்'. காரணம் கேக்காதீங்க, இந்த மாதிரி சில வினை அப்படித்தான். பொதுவா புது வினை ஒண்ணு படிக்கும்போதே அது கூட 'ஆ' வருமா, 'தெ'ங்கிற இன்னொரு முன்னிடைச்சொல் வருமா (உன்னைங்கிற 'தெ' இல்ல, இது வேற சொல்லு), ஒண்ணும் வராதான்னு சேத்து படிக்கிறதுதான் புத்திசாலித்தனம். தனியா வினைய மட்டும் படிச்சா அப்புறம் ரெட்டை வேலை.

லுயின்னா 'அவன்' தானே? பொண்ணுக்கு எப்படி லுயி வரும்?

வினைக்கு முன்னாடி வர்ற லுயிக்கு ஆண் பெண் கிடையாது, அவனுக்கும் லுயி, அவளுக்கும் லுயி. பொண்ணுகிட்ட பேசுறேன்னு சொல்ல 'ஜெ லா பார்ல்'னு போடுறது நம்மாளுங்க எல்லாரும் பண்ற தப்பு, நான் ரெண்டு வருஷம் பண்ணேன். 'அவெக்' மாதிரி முன்னிடைச்சொல்லுக்கு அப்புறம் வர்ற லுயிதான் ஆம்பளைக்கு மட்டும், அங்க பொண்ணுக்கு 'அவெக் எல்'. ஒரே ஸ்பெல்லிங், ரெண்டு வேற வேற சொல்னு நெனச்சுக்கோங்க.

லெருக்கும் ஒண்ணு சொல்லிடறேன். 'அவங்களுக்கு'ங்கிற லெருக்கு கடைசில 'எஸ்' வரவே வராது, ஆயிரம் பேரா இருந்தாலும் வராது. 'அவங்களோட'ங்கிற லெருக்குதான் பின்னாடி வர்ற பேரு பன்மையா இருந்தா 'எஸ்' சேரும்.

மரியாதை பத்தியும் கேப்பாங்க. முன்னிலைல நீ/நீங்க மாதிரி 'த்யூ', 'வூ' இருக்கு. ஆனா படர்க்கைல 'அவர்'னு ஒண்ணு கிடையாது, பெரியவரா இருந்தாலும் அவனையும் அவரையும் ரெண்டும் 'லெ'தான். ஆரம்பத்துல வாய் கூசும், பழகிடும்.

இந்த சொல்ல வாக்கியத்துல எங்க வைக்கிறது?

வினைக்கு முன்னாடி. பிரெஞ்சு சாதாரணமா எழுவாய், வினை, அப்புறம் செயப்படுபொருள்னு போற மொழி. ஆனா செயப்படுபொருள் பிரதிப்பெயரா மாறின உடனே தமிழ் வரிசைக்கு வந்துடும். ஜெ – நான், லெ – அவனை, வுவா – பாக்குறேன். வார்த்தைக்கு வார்த்தை நம்ம வரிசை! அதனால இந்த இடத்துல இங்கிலீஷ்ல யோசிக்கறத நிறுத்திட்டு தமிழ்ல யோசிங்க, தானா சரியா வரும்.

ஆனா நம்ம மாதிரி எங்க வேணா தூக்கிப் போட முடியாது. வினையோட ஒட்டிக்கிட்டே இருக்கணும், 'இல்லை'ன்னு சொல்ற 'நெ' கூட அதுக்கு முன்னாடி போயிடும்: 'ஜெ நெ லெ வுவா பா'. இறந்தகாலத்துல துணைவினைக்கு முன்னாடி: 'ஜெ லே வ்யூ', அவனை பாத்தேன் (இங்க 'லே' அவங்களை இல்ல, லெ சுருங்கி துணைவினை 'ஏ'யோட ஒட்டினது). 'பாக்கணும்', 'பாக்க விரும்புறேன்' மாதிரி ரெண்டு வினை வந்தா அர்த்தத்துல எதோட சேருதோ அதுக்கு முன்னாடி: 'ஜெ வெ லெ வுவார்', பாக்குறதுக்கு முன்னாடிதான் லெ, விரும்புறதுக்கு முன்னாடி இல்ல.

கட்டளைல மட்டும் பின்னாடி போகும். 'மோன்த்ர் லெ முவா', எனக்கு அத காட்டு. ஆனா காட்டாதன்னு சொன்னா திரும்ப முன்னாடி வந்துடும்: 'நெ மெ லெ மோன்த்ர் பா'. அந்த 'முவா' எப்படி 'மெ' ஆச்சுன்னு பாத்தீங்களா, கட்டளைல பின்னாடி நிக்கும்போது அழுத்தம் விழுது, அதனால முழு உருவம்.

ரெண்டு சேந்து வந்தா வரிசை என்ன?

இதுக்கு புக்குல ஒரு பெரிய டேபிள் இருக்கும், கால்பந்து டீம் நிக்குற மாதிரி. மெ, தெ, ஸெ (தன்னை, தனக்கு), நூ, வூ முதல்ல. அப்புறம் லெ, லா, லே. அப்புறம் லுயி, லெர். அப்புறம் இ. கடைசில ஆன் (இ, ஆன் ரெண்டையும் கீழ சொல்றேன்). அதுக்கப்புறம் வினை.

இத மனப்பாடம் பண்றத விட ரெண்டு வாக்கியத்த வாய்ல போட்டு உருட்டிக்கோங்க: 'இல் மெ லெ மோன்த்ர்', அவன் எனக்கு அத காட்டுறான். 'ஜெ லெ லுயி மோன்த்ர்', நான் அத அவனுக்கு காட்டுறேன். முதல் வாக்கியத்துல எனக்கு முதல்ல, அது அப்புறம். ரெண்டாவதுல அது முதல்ல, அவனுக்கு அப்புறம். இந்த ரெண்டும் வாய்க்கு வந்துட்டா மீதி தானா வரும். மூணு சேந்து வர்றதெல்லாம் நெஜ வாழ்க்கைல ரொம்ப அபூர்வம், பரீட்சை பேப்பர்ல வேணா பாக்கலாம்.

தமிழ்ல 'பாத்தேன்'னு சொன்னா போதுமே, 'அத'ன்னு சொல்லவே தேவையில்லயே?

இதுதான் நம்மாளுங்க பண்றதுலயே பெரிய தப்பு, புக்குல இது இருக்காது, ஏன்னா புக்க நமக்காக எழுதல. சாவி எங்கன்னு கேட்டா, மேசை மேல வச்சேன்னு சொல்வோம். எத வச்சேன்னு சொல்றதே இல்ல, ரெண்டு பேருக்கும் தெரியும். பிரெஞ்சுல அந்த ஓட்டைய விட முடியாது, 'ஜே மி'ன்னு மட்டும் ஆரம்பிச்சா 'எத?'ங்கிற கேள்வி அங்கயே வந்து நிக்கும், சாவிங்கள குறிக்கிற 'லே' கட்டாயம் வந்தாகணும், 'ஜெ லேஸே மீஸ்'. 'எனக்கு தெரியும்'னு சொல்லும்போது கூட, 'ஜெ லெ ஸே', அதுல இருக்குற லெ 'அந்த விஷயத்த'ன்னு ஒரு முழு வாக்கியத்தையே குறிக்குது.

என்கிட்ட மூணு இருக்குன்னு சொல்ல, 'ஜே த்ருவா'ன்னு சொன்னா தப்பு, 'ஜான் நே த்ருவா'. அதுல 'ஆன்' இருக்கு பாருங்க, 'அதுல'ன்னு அர்த்தம், அதுல மூணு. எண் வந்தாலும் சரி, 'நிறைய', 'கொஞ்சம்' வந்தாலும் சரி, பேர சொல்லலன்னா ஆன் வரணும். பயிற்சிக்கு ஒரு வழி, தமிழ்ல ஒரு வாரம் வேணும்னே 'நான் அத வச்சேன், நான் அத பாத்தேன், என்கிட்ட அதுல மூணு இருக்கு'ன்னு மனசுக்குள்ள பேசிப் பாருங்க, கேக்க செயற்கையா இருக்கும், ஆனா பிரெஞ்சு பேசும்போது ஓட்டை விழாது.

இ, ஆன் ரெண்டும் என்ன சமாச்சாரம்?

'ஆ' + பொருள் அல்லது இடம் – இ. 'தெ' + பொருள் – ஆன். 'ஜி வே', நான் அங்க போறேன். 'ஜான் பார்ல்', நான் அத பத்தி பேசுறேன். கட்டளைல 'வா'வுக்கு (பிரெஞ்சுல போன்னு அர்த்தம்) அப்புறம் இ வந்தா நடுவுல ஒரு 'எஸ்' ஒட்டி 'வாஸி' ஆகும், சும்மா உச்சரிக்க வசதியா. இந்த வாஸிய தினமும் நூறு தடவ கேப்பீங்க, போ, ஆரம்பி, நடத்துன்னு எல்லாத்துக்கும்.

கி, கெ வித்தியாசம் எத்தன தடவ படிச்சாலும் மறந்துடுது. ஏதாவது வழி?

முதல்ல ஒரு விஷயத்த மறக்கணும்: கின்னா ஆளுக்கு, கென்னா பொருளுக்குன்னு யாராவது சொல்லிக் குடுத்திருந்தா அத தூக்கிப் போடுங்க. அது கேள்வி வார்த்தைக்குதான், யாரு, என்னன்னு கேக்கும்போது. வாக்கியத்த இணைக்கும்போது கி ஆளுக்கும் வரும் பொருளுக்கும் வரும், கெயும் அப்படித்தான்.

வழி என்னன்னா, தமிழ்ல இந்த இணைப்புச் சொல்லே கிடையாது, நமக்கு பெயரெச்சம் இருக்கு. 'நான் பாத்த பையன்', 'என்னை பாத்த பையன்'. ரெண்டுலயும் 'பாத்த' ஒண்ணுதான், ஆனா பையன் ஒண்ணுல பாக்கப்பட்டவன், இன்னொண்ணுல பாத்தவன். தமிழ் அந்த உறவ மறச்சு வச்சுடுது, பிரெஞ்சு அத வெளிய சொல்லச் சொல்லுது. அதனால பெயரெச்சத்த பிரிச்சு முழு வாக்கியமா போடுங்க, அந்த பேருக்கு என்ன உருபு வருதுன்னு பாருங்க.

என்னை பாத்த பையன் – *பையன்* என்னை பாத்தான் – உருபு இல்ல – கி.
நான் பாத்த பையன் – நான் *பையனை* பாத்தேன் – ஐ – கெ.
நான் பேசின பையன் – நான் *பையன்கிட்ட* பேசினேன் – ஆ கி.
நான் வெட்டின கத்தி – நான் *கத்தியால* வெட்டினேன் – அவெக் லெகெல்.
நான் இருக்குற ஊர் – நான் *ஊர்ல* இருக்கேன் – ஊ.
நான் சொன்ன படம், பத்தி பேசினேனே அது – நான் *படத்த பத்தி* சொன்னேன் – தோன்.

பிரிச்சு பாக்க மூணு செகண்ட் ஆகும். ஒரு மாசத்துல பிரிக்காமயே தெரிய ஆரம்பிச்சுடும்.

கிக்கு அப்புறம் வினை, கெக்கு அப்புறம் எழுவாய்னு சொல்றாங்களே, அது போதாதா?

முக்கால்வாசி போதும். ஆனா ரெண்டு இடத்துல மாட்டிக்குவீங்க. 'லோம் கி மெ பார்ல்', என்கிட்ட பேசுற ஆளு. கிக்கு அப்புறம் வினை எங்க? மெ வந்துடுச்சு. அது எழுவாய் இல்ல, செயப்படுபொருள், அது வினையோட ஒட்டினது, அதனால கிதான் சரி. ரெண்டாவது, 'லா ஷான்ஸோன் கெ ஷான்தே லான்ஃபான்', குழந்தை பாடின பாட்டு. கெக்கு அப்புறம் நேரா வினை, எழுவாய் கடைசில. எழுத்துல இது நிறைய வரும். வரிசைய மட்டும் நம்பினா இதுல கண்ண கட்டும், உருப நம்பினா ஒண்ணும் ஆகாது.

'கிலேம்'னு ஒரே சத்தத்துல ரெண்டு அர்த்தம் வருதாமே?

ஆமா! கெக்கு அப்புறம் உயிரெழுத்து வந்தா அதோட உயிரு போயிடும், கெ + இல் = கில். ஆனா கி என்னைக்குமே சுருங்காது, 'லோம் கி அரீவ்'தான், 'லோம் கரீவ்' கிடையாது. இப்போ கிக்கு அப்புறம் லெ வந்து, அந்த லெ சுருங்கி வெறும் 'ல்' ஆச்சுன்னா அதுவும் கி + ல், கில்.

அதனால 'லோம் கிலேம்'ங்கிறது அவன் நேசிக்கிற ஆளு, அவனை நேசிக்கிற ஆளு ரெண்டும். காதுக்கு ஒரே சத்தம், எழுதும்போதுதான் வேற வேற. ஒண்ணுல கெ-யும் இல்-உம், இன்னொண்ணுல கி-யும் லெ-யும். பிரெஞ்சு குழந்தைங்களே டிக்டேஷன்ல இதுல மாட்டும். நீங்க மாட்டினா அசிங்கம் இல்ல. முன்ன பின்ன என்ன பேச்சுன்னு வச்சுதான் புரிஞ்சுக்கணும்.

தோன் எதுக்கு? அத பாத்தாலே பயமா இருக்கு.

வாக்கியத்துல எங்கெல்லாம் 'தெ' வருமோ அங்கெல்லாம் இணைக்கும்போது தோன். லத்தீன்ல 'எங்கிருந்து'ன்னு அர்த்தம் வர்ற 'உன்தே'க்கு முன்னாடி ஒரு 'தே' சேந்து வந்ததுதான் இது. ஊ கூட லத்தீன் 'உபி', எங்க. லத்தீன்ல தமிழ் மாதிரி பேருக்கெல்லாம் வேற்றுமை இருந்துச்சு, பிரெஞ்சுக்கு வர்றதுக்குள்ள பேருங்க அத தொலச்சுடுச்சு, இந்த குட்டிச் சொல்லுங்க மட்டும் மிச்சம் வச்சிருக்கு. லெ, லுயி, லெர், கி, கெ, தோன் எல்லாம் அந்த பழைய வீட்டோட தூணுங்க.

தோன் மூணு இடத்துல வரும். ஒண்ணு, பத்தி: 'லா ஃபீய் தோன் ஜெ பார்ல்', நான் பத்தி பேசுற பொண்ணு. ரெண்டு, உடைமை: 'லா ஃபீய் தோன் லெ பேர் எ மெத்ஸான்', அப்பா டாக்டரா இருக்குற பொண்ணு. இங்க கவனம், 'அவளோட அப்பா'ன்னு நெனச்சு 'ஸோன் பேர்' போடக் கூடாது, தோன்லயே அந்த 'ஓட' இருக்கு, வெறும் 'லெ பேர்' போதும். மூணு, உள்ளடக்கம்: அஞ்சு புக்கு, அதுல ரெண்டு கதைப் புக்கு, அந்த 'அதுல'க்கு தோன்.

இங்க நம்ம உருபு வழி முழுசா வேலை செய்யாதுங்கிறத ஒத்துக்கணும். எனக்கு தேவையான புக்கு, பிரிச்சா 'புக்கு எனக்கு தேவை', உருபே இல்ல, கி போடலாம்னு தோணும். ஆனா பிரெஞ்சுல தேவைங்கிற சொல்லு கூட 'தெ' வரும், அதனால 'லெ லிவ்ர் தோன் ஜே பெஸ்வான்'. பயப்படுறது, ஞாபகம் இருக்குறது, ஆசப்படுறது எல்லாம் இந்த கூட்டம். இந்த நாலு அஞ்ச மட்டும் தனியா படிங்க.

இன்னொரு தப்பு, 'தோன் ஜான் நே பெஸ்வான்'னு ஆன் வேற சேக்குறது. தோன் வந்துட்டா ஆன் வேண்டாம், ஒரே வேலைக்கு ரெண்டு ஆளு எதுக்கு. 'பக்கத்துல', 'எதிர்ல' மாதிரி நீளமான முன்னிடைச்சொல்லு தெ-ல முடிஞ்சாலும் தோன் வராது, அங்க 'லா மேஸோன் ஆ கோதே தெ லாகெல்', எந்த வீட்டு பக்கத்துலயோ அந்த வீடு.

ஊ இடத்துக்கு மட்டுமா?

இல்ல, நேரத்துக்கும். நான் வந்த நாளு, 'லெ ஜூர் ஊ'. எப்போங்கிற 'கான்'ன இங்க போட்டுடாதீங்க, ரொம்ப பேர் போடுறாங்க.

லெகெல், லாகெல் எல்லாம் எப்போ?

முன்னிடைச்சொல்லுக்கு அப்புறம், பொருளா இருந்தா. 'லா ஷேஸ் ஸ்யூர் லாகெல்', எந்த நாற்காலி மேலயோ. பேரு ஆணா பெண்ணா ஒருமையா பன்மையான்னு பாத்து மாறும், ஆ கூட சேந்தா ஓகெல், தெ கூட சேந்தா த்யூகெல். ஆளா இருந்தா 'அவெக் கி'ன்னு சுலபமா முடிச்சுக்கலாம், 'நடுவுல', 'மத்தியில'ன்னு வர்ற 'ஆன்த்ர்', 'பார்மி'க்கு அப்புறம் மட்டும் ஆளா இருந்தாலும் லேகெல் போட்டாகணும். பேச்சுல இத ரொம்ப தேட வேண்டாம், எழுத்துல வரும்.

ஸெ கி, ஸெ கெ?

இது நமக்கு லட்டு மாதிரி. 'நீ சொன்னது' – 'ஸெ கெ த்யூ ஆ தி'. பின்னாடி பேரே இல்லாம 'சொன்னது', 'நடந்தது', 'வேணுங்கிறது'ன்னு 'அது'ல முடிச்சா அங்க முன்னாடி ஒரு 'ஸெ' சேத்துக்கோங்க, அப்புறம் பழையபடி உருப பாத்து கி, கெ, தோன். நடந்தது – ஸெ கி. சொன்னது – ஸெ கெ. தேவைப்படுறது – ஸெ தோன்.

'நான்தான் பண்ணேன்'ல இருக்குற தான் பிரெஞ்சுல எப்படி?

'ஸே முவா கி'. அப்புறம் வர்ற வினை 'நான்'க்கு ஏத்த மாதிரி இருக்கணும், 'ஸே முவா கி ஏ', 'ஸே முவா கி ஆ' தப்பு. தமிழ்ல நான்தான் பண்ணான்னு யாரும் சொல்ல மாட்டோம்ல. ஆனா பிரெஞ்சுக்காரங்களே பேச்சுல இந்த தப்ப பண்றத கேக்கலாம்.

இறந்தகாலத்துல வினையோட கடைசில 'இ' (e), 'எஸ்' (s) எழுத்தெல்லாம் சேக்கச் சொல்றாங்களே, அது ஏன்?

நேரடிச் செயப்படுபொருள் வினைக்கு முன்னாடியே வந்துட்டா, 'அவ்வார்'ங்கிற துணைவினை போட்ட இறந்தகால வினை அந்த பொருளோட பாலுக்கும் எண்ணுக்கும் ஏத்த மாதிரி மாறணும். கடிதம் பெண்பால், அதனால 'லா லெத்ர் கெ ஜே எக்ரித்', நான் எழுதின கடிதம், கடைசில அந்த 'த்' சத்தம் கேக்குது. அத எழுதினேன்னு சொன்னாலும் 'ஜெ லே எக்ரித்'. ஆனா கடிதத்த வினைக்கு பின்னாடி போட்டா வெறும் 'எக்ரி'. இங்கதான் ரெண்டு டாபிக்கும் ஒரே முடிச்சுல வந்து விழுது: கெ, லெ, லா, லே எல்லாம் நேரடி, அதனால மாத்தும். லுயி, லெர், தோன் மறைமுகம், மாத்தாது. ஆன் வந்தாலும் மாத்தாது. உருபு தெரிஞ்சா இது இலவசமா கிடைக்கும்.

இந்த விதிய 16-ம் நூற்றாண்டுல க்ளெமான் மாரோன்னு ஒரு கவிஞர் இத்தாலியன் மொழிய உதாரணம் காட்டி ஆதரிச்சாரு, அன்னைலேந்து ஸ்கூல் பிள்ளைங்க அவர திட்டிட்டிருக்காங்க. பெரும்பாலான வினைல இந்த மாற்றம் காதுக்கு கேக்கவே கேக்காது, எழுத்துல மட்டும்தான். அதனால பேசும்போது இத நெனச்சு தயங்கி நிக்காதீங்க. எழுதும்போது பாத்துக்கலாம், குறிப்பா ஒரு பொண்ணுக்கு மெயில் எழுதி 'உங்கள பாத்தேன்'னு போடும்போது, அந்த 'வூ' ஒரு பொண்ண குறிக்குதுன்னு கடைசில ஒரு 'இ' சேக்கணும்.

நிஜத்துல பிரெஞ்சுக்காரங்க இப்படியெல்லாம் பேசுறாங்களா?

பாதி. 'நெ'ய முழுங்கிடுவாங்க, 'ஜெ லெ வுவா பா' சுருங்கி 'ஜ்ல வுவா பா' மாதிரி கேக்கும். 'ஜெ லெ லுயி'ன்னு வர்ற இடத்துல லெய விட்டுட்டு 'ஜெ லுயி'ன்னு மட்டும் சொல்லுவாங்க, அவனுக்கு காட்டினேன், எதன்னு சொல்றதில்ல, நம்ம மாதிரியே! தோனுக்கு பதிலா கெ போட்டு சமாளிக்கிறவங்களும் நிறைய. லியோன் பக்கத்துல 'அத'ன்னு சொல்ல லெக்கு பதிலா இ போடுவாங்க, அது அந்த ஊர் வழக்கு. இதெல்லாம் காதுக்கு புரிஞ்சா போதும், பரீட்சை பேப்பர்ல எழுதிட்டு வந்து என்னை திட்டாதீங்க.

எத முதல்ல படிக்கணும்?

லெ, லா, லே, அப்புறம் லுயி, லெர், அதோட கி, கெ, ஊ. ஏ2 லெவலுக்கு (ஏ1, ஏ2, பி1ன்னு ஏறுற மொழித் தேர்வு படிகள்ல ரெண்டாவது) இதுவே நிறைய. தோன், ரெண்டு சேந்து வர்றது எல்லாம் பி1ல வச்சுக்கோங்க, லெகெல் வகையறா அதுக்கும் அப்புறம். தினமும் அஞ்சு பெயரெச்சம், கண்ணுல படுறத எல்லாம், நான் குடிச்ச தண்ணி, என்னை எழுப்பின சத்தம், நான் மறந்த பேருன்னு சும்மா நடந்துட்டே பிரிச்சு பிரிச்சு போடுங்க. அந்த கடைசி ஒண்ணுல கெ வருமா தோன் வருமா? பேரை மறந்தேன், ஐ, அதனால கெ. ஆனா 'ஞாபகம் வச்சிருக்குற பேரு'ன்னா மறுபடி யோசிக்கணும், அங்க வினை 'ஸெ ஸூவ்னீர்', கூடவே ஒரு 'தெ' வரும், அப்போ தோன்.